சரி சொல்லும் கிழமை

வாக்குமூலம் பதிவான நேரம் வியாழக்கிழமை பகல் பதினொன்று நாற்பது. கோப்பின் முதல் பக்கத்தில் ஜெபக்குமார் அதைத் தன் கையால் எழுதியிருந்தான். எழுதியபோது அது வெறும் நேரம்தான்.

கோப்பு இப்போது கிண்டியில், நரம்புக் கருவிகள் பாதுகாப்பு ஆணையத்தின் சோதனைக்கூடத்தில், அஞ்சுகத்தின் மேஜைமேல் இருந்தது. அஞ்சுகம் சான்றளிக்கும் அதிகாரி. ஐம்பத்து நான்கு வயது. பேசுவதற்கு முன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடும் வழக்கம். எதிரில் இருப்பவரின் முகம் மங்கலாகத் தெரிந்தால்தான் இவருக்குப் பேச வரும்போல என்று ஜெபக்குமாரின் அலுவலகத்தில் சொல்லிக்கொள்வார்கள்.

ஜெபக்குமார் வேலை பார்க்கும் நிறுவனம் தயாரிக்கும் கருவியின் பெயர் 'மறுமொழி'. தலையைச் சுற்றி அணியும் பட்டை. உட்புறம் பதினாறு உலோகக் காம்புகள் முடிக்குள் நுழைந்து தோலைத் தொடும். பேச நினைப்பதை அவை படிக்கும். கழுத்தில் தொங்கும் சின்ன ஒலிபெருக்கி அதைச் சொல்லும், அணிந்தவரின் பழைய குரலிலேயே. பக்கவாதத்தில் நாக்கு விழுந்தவர்கள் மறுபடி பேசினார்கள். மருந்துச்சீட்டு வேண்டாம். செல்போன் கடையில் வாங்கிக்கொள்ளலாம். தற்காலிக உரிமத்தில் இரண்டு வருடமாக நாற்பதாயிரம் பேர் அணிந்துகொண்டிருந்தார்கள். நிரந்தர உரிமத்துக்கு ஒரு கையெழுத்துதான் பாக்கி. அது அஞ்சுகத்தின் கையெழுத்து.

"ஒரே ஒரு புகார்தான் மேடம்," என்றான் ஜெபக்குமார். "அதையும் அவங்களே வாபஸ் வாங்கிட்டாங்க."

"கேட்டேன். நல்லாத்தான் பேசியிருக்காங்க."

அவர் பதிவை ஓடவிட்டார். இதமான பெண் குரல். "பரவாயில்லைங்க. இதுக்குப்போய் இவ்வளவு தூரம் வந்தீங்களா? எனக்கு ஒரு குறையும் இல்ல. புகார வாபஸ் வாங்கிக்கிறேன். சரிங்க."

ஜெபக்குமாருக்கு அந்த அறை நினைவுக்கு வந்தது. விருதுநகரில் ஒரு பராமரிப்பு இல்லம். சக்கர நாற்காலியில் செண்பகவல்லி, நாற்பத்தேழு வயது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையில் பட்டை. அவன் பேசி முடிக்கும்வரை கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு கவனமாகக் கேட்கிறார் என்று அப்போது நினைத்துக்கொண்டான்.

"புகாரைப் படிச்சீங்களா?" என்றார் அஞ்சுகம்.

"சுருக்கத்தைப் படிச்சேன்."

அவர் பதினான்கு பக்கத் தாள்களை அவன் பக்கம் நகர்த்தினார். பட்டை சொன்னதெல்லாம் தேதி, கிழமையோடு செல்போனில் எழுத்தாகச் சேரும். அதைச் செண்பகவல்லி யாரையோ பிடித்து அச்செடுக்க வைத்திருக்கிறார். சிவகாசியில் காலண்டர் அச்சகமொன்றில் பத்தொன்பது வருடம் பிழை திருத்தியவர். வலது கை விழுந்துவிட்டது. இடது கையால், பென்சிலால், தான் சொல்லாத வரிகளை எல்லாம் அடித்திருந்தார். அச்சகத்து முறைப்படி, ஒவ்வோர் அடிக்கும் ஓரத்தில் நீக்கல் குறி போட்டு. முதல் பக்கத்தின் மேல் நடுங்கிய எழுத்தில் ஒரே ஒரு வாக்கியம்: அடித்தவை என்னுடையவை அல்ல.

"இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல இவ்வளவு சுத்தமான புகாரை நான் பார்த்ததில்ல," என்றார் அஞ்சுகம். "ஒரு கெட்ட வார்த்தை இல்ல. ஒரு சாபம் இல்ல. வேண்டாததை அடிச்சிருக்காங்க. அவ்வளவுதான்."

இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி மட்டும் இரண்டு முறை அடிக்கப்பட்டிருந்தது. பென்சில் முனை தாளைக் கிழித்திருந்தது. 'சரி. உங்க இஷ்டம். நான் அந்த இல்லத்துலயே இருந்துக்கிறேன்.'

"கணவர் கேட்டிருக்கார். பட்டை சம்மதம் சொல்லியிருக்கு," என்றார் அஞ்சுகம். "அஞ்சு மாசமா அங்க இருக்காங்க."

"பட்டை சொல்லாது மேடம். அவங்க நினைக்கிறதத்தான் அது சொல்லும்."

"வாபஸ் வாங்கின புகாரை நான் தொட முடியாது. வாபஸ் வாங்கினது யாருன்னு பார்க்கலாம்ல?"

"நான் எதிர்லதான் உட்கார்ந்திருந்தேன்."

"அதுவும் எழுதியிருக்கு. வியாழக்கிழமை, பதினொன்னு நாப்பது." அவர் தாள்களை விசிறிபோல விரித்தார். "வியாழக்கிழமைப் பக்கமெல்லாம் பாருங்க, கறுப்பா இருக்கு. வெள்ளிக்கிழமைப் பக்கம் சலவை பண்ணின மாதிரி இருக்கு. எனக்கு ஒண்ணு வேணும். உங்க நாற்பதாயிரம் பேரோட பேச்சு வேண்டாம். 'சரி'ங்கிற வார்த்தை மட்டும். எந்தக் கிழமை எத்தனை தடவை. ஆம்பள தனி, பொம்பள தனி."

நிறுவனத்தின் எம்.டி. இதைக் கேட்டுச் சிரித்தார். "சேஃப்டி ஆபீஸா, ஜோசியக் கடையா? கொடுத்துத் தொலைங்க. ராகுகாலத்தையும் சேர்த்துப் போட்டுக் கொடுங்க."

மறுநாள் காலை வரைபடம் வந்தது. ஜெபக்குமார் அதைத் திரையில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். தமிழ்நாட்டுப் பெண்களின் 'சரி' புதன், வியாழனில் ஏறியது. வெள்ளியன்று தடாலென்று விழுந்தது. திரும்ப ஏறி, செவ்வாயன்று விழுந்தது. ஆண்களின் 'சரி' புதனிலும் சனியிலும் விழுந்தது. கேரளத்தில் கோடு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. தரை போலக் கிடந்தது.

அஞ்சுகம் வரைபடத்தைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றவில்லை. முகத்தை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனார்.

"நீங்க எந்த ஊரு, ஜெபக்குமார்?"

"மார்த்தாண்டம் மேடம்."

"தலைக்கு எப்ப குளிப்பீங்க?"

"தினமும்தான். தலை நனையலேன்னா எங்களுக்குக் குளிச்ச மாதிரியே இருக்காது."

"அதான் உங்களுக்குத் தோணல," என்றார். குரலில் குற்றம் இல்லை. "எனக்குக் காரைக்குடி. பொம்பளைங்க செவ்வாய், வெள்ளி. ஆம்பளைங்க புதன், சனி. நடுவுல தினமும் எண்ணெய் மட்டும். இப்பவும் முக்கால்வாசி வீட்ல அதுதான்."

ஜெபக்குமார் மறுபடி வரைபடத்தைப் பார்த்தான். அது இப்போது வரைபடமாகத் தெரியவில்லை. நாற்பதாயிரம் தலைகளாகத் தெரிந்தது.

"சோதனைக்கு ஆள் எடுத்தீங்களே, அவங்களுக்கு என்ன சொன்னீங்க?"

அறிவிப்பை எழுதியது அவன்தான். ஒரு வரி அவனுக்கு மனப்பாடம். "தலைக்குக் குளித்துவிட்டு வரவும்."

அஞ்சுகம் எழுந்து பின்னறைக்கு நடந்தார். அங்கே உப்புக்கூழ் நிரப்பிய ஒரு பொம்மைத் தலை. அதன்மேல் நிஜ முடி. "பழனியில இறக்கின முடி. ஏலத்துல எடுத்தோம்," என்றார். "நைலான் முடியில வச்சுப் பார்த்தா நைலானுக்குத்தான் சர்டிபிகேட் கொடுக்கணும்."

பொம்மைக்குள் ஒரு வாக்கியத்தை ஓடவிட வழி இருந்தது. பேச நினைக்கும் மூளையில் எழும் அதே துடிப்புகள். அவர் ஓடவிட்டது: 'வேண்டாம். எனக்குப் பிடிக்கல.'

கழுவிய முடியில் பட்டை சொன்னது: "வேண்டாம். எனக்குப் பிடிக்கல."

உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் ஊற்றி முடியில் தேய்த்தார். பட்டை சொன்னது: "வேண்டாம். பரவாயில்ல."

பக்கத்தில் இன்னொரு தலை இருந்தது. மூன்று நாள் எண்ணெய், அதன்மேல் கிண்டிப் புழுதி. அதிலும் அதே வாக்கியத்தை ஓடவிட்டார்.

"சரி. உங்க இஷ்டம்," என்றது பட்டை.

அஞ்சுகம் கையைத் துடைத்துக்கொண்டார். "நான் பார்த்தது இது. ஏன்னு நீங்கதான் சொல்லணும்."

"எண்ணெய் ஏறினா துடிப்பு காம்புக்குச் சரியா எட்டாது," என்றான் ஜெபக்குமார். "எட்டலேன்னு பட்டை நிறுத்தாது. மிச்சத்தை ஊகிச்சு நிரப்பும். இல்லேன்னா விக்கி விக்கிப் பேசுற மாதிரி ஆயிடும். ஆரம்பத்துல அப்படித்தான் இருந்தது. ஜனங்க திருப்பிக் கொடுத்துட்டாங்க."

"எதை வச்சு ஊகிக்கும்?"

"ஒவ்வொரு பேச்சு முடிஞ்சதும் போன்ல நட்சத்திரம் கேட்கும். ஒண்ணுலேர்ந்து அஞ்சு. எந்த மாதிரி பதிலுக்கு நிறைய நட்சத்திரம் விழுந்திருக்கோ, அதைப் பார்த்துக் கத்துக்கும்."

"போன் யார் கையில இருக்கும்? பட்டை போட்டிருக்கிறவங்க கையிலயா?"

கை விழுந்தவர்கள் பட்டையை அணிந்தார்கள். போனை மகன் வைத்திருந்தான், மருமகள் வைத்திருந்தாள், கணவர் வைத்திருந்தார்.

"தோல் எரியல, ஷாக் அடிக்கல, பேட்டரி வெடிக்கலேன்னு உங்க எம்.டி. எழுதியிருக்கார்," என்றார் அஞ்சுகம். "வாஸ்தவம். ஆனா சட்டத்துல 'உடலுக்கோ மனத்துக்கோ கேடு'ன்னு இருக்கு. மனத்துக்குன்னு சேர்த்தவர் யாருன்னு தெரியல. பெரிய மனுஷன். அந்த வார்த்தைக்கு இதுவரைக்கும் யாரும் ஒரு வேலையும் கொடுக்கல."

"உரிமம் கிடைக்காதா மேடம்?"

"கொடுக்கமாட்டேன்னு நான் சொல்லலையே. அது நாற்பதாயிரம் பேரோட நாக்கு. பிடுங்க நான் யாரு? தெரியாத இடத்துல வாய மூடிக்கிட்டு இருக்கணும், அவ்வளவுதான் கேட்கிறேன். மனுஷங்களுக்கே அது கஷ்டம். தெரியும்."

ஜெபக்குமார் அலுவலகத்துக்குத் திரும்பினான். எம்.டி. அவனை நிற்க வைத்தே பேசினார். எண்ணெய் விஷயத்தை அடுத்த மாடலில் பார்த்துக்கொள்ளலாம். வாபஸ் கடிதம் செல்லும். கடிதம் செல்லும்வரை புகார் இல்லை. புகார் இல்லாவிட்டால் உரிமத்தை நிறுத்த அந்தம்மாவுக்கு அதிகாரம் இல்லை. "நீங்க வாங்கின வாக்குமூலம், ஜெபா. கல்லு மாதிரி இருக்கு. அதைத் தட்டிப் பார்க்காதீங்க."

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கீழே இறங்கியிருந்தார்கள். அவன் இறங்கவில்லை. பட்டைகள் படிக்கும் துடிப்புகள் அப்படியே நிறுவனத்தின் கணினிக்கு வரும். அந்த வியாழக்கிழமையின் மூலப்பதிவு அங்கே இருந்தது. அதைக் கேட்டவர் யாருமில்லை. ஊகித்து நிரப்பும் பகுதியை அணைத்துவிட்டு, பதிவை முதலிலிருந்து ஓடவிட்டான்.

அமைதி. பன்னிரண்டு விநாடி. இருபது விநாடி. இணைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது.

இருபத்தாறாம் விநாடியில் ஒரு சொல், பலவீனமாக. "பேனா."

மீண்டும் அமைதி. முப்பத்தெட்டாம் விநாடியில் மறுபடி. "பேனா."

நாற்பத்தோராம் விநாடியில் பதிவு முடிந்தது. 'பரவாயில்லைங்க' இல்லை. 'இவ்வளவு தூரம் வந்தீங்களா' இல்லை. காம்புகளுக்கு எட்டிய ஒரே சொல்லைப் பட்டை தள்ளிவிட்டிருந்தது. பேனா என்ற பதிலுக்கு யாரும் நட்சத்திரம் போட்டதில்லை.

அன்று பேனா அவன் கையில்தான் இருந்தது. படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தான். கையெழுத்துப் போடும் இடம் வந்ததும் பேனாவை மூடிப் பையில் வைத்துவிட்டு, மைப்பெட்டியை எடுத்தான். வலது கை வராது என்று குறிப்பில் இருந்தது. அதனால் இடது கையைப் பிடித்து, கட்டைவிரலை மையில் ஒற்றி, தாளில் உருட்டினான். விரல் விறைத்திருந்தது. நோயின் விறைப்பு என்று நினைத்தான். பதினான்கு பக்கங்களை அடித்த கை அது.

அந்தப் பதிவை அஞ்சுகத்துக்கு அனுப்பினான். அனுப்பும் முன், பெறுபவர் வரிசையில் எம்.டி.யின் பெயரையும் சேர்த்தான்.

ஐந்து நிமிடத்தில் அஞ்சுகம் அழைத்தார். "இதை அனுப்பச் சொல்லி நான் கேட்கலையே."

"இல்ல மேடம்."

"இதுக்கப்புறம் வேலை இருக்கும்ல உங்களுக்கு?"

"சாயங்காலம்தான் தெரியும்."

"வெள்ளிக்கிழமை விருதுநகர் போறேன். வேலை இருந்தாலும் இல்லாட்டியும், வர்றதுன்னா வாங்க."

வெள்ளிக்கிழமைதான் அந்த இல்லத்தில் தலைக்கு ஊற்றும் நாள். வாரம் ஒருமுறை. விருதுநகரில் தண்ணீர்த் தட்டுப்பாடு அப்படி. மற்ற நாட்களில் எண்ணெய் வைத்து வாரிவிடுவார்கள். தலை கலைந்திருந்தால் பார்க்க வருகிறவர்கள் குறை சொல்வார்கள் என்பதால் எண்ணெய் கொஞ்சம் கூடுதலாகவே வைப்பார்கள்.

அஞ்சுகமும் ஜெபக்குமாரும் போனபோது செண்பகவல்லி முற்றத்து வெயிலில் இருந்தார். ஈர முடி நாற்காலியின் முதுகில் விரித்த துண்டின்மேல் கிடந்தது. பக்கத்தில் அவருடைய கணவர் சீனிராஜ். லோடு வண்டி ஓட்டுகிறவர். ஆணையத்திலிருந்து வரச் சொல்லியிருந்ததால், போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தவரைப் போலச் சட்டையின் கழுத்துப் பொத்தானையும் போட்டிருந்தார்.

"அவகிட்ட ஒரு கோளாறும் இல்ல மேடம்," என்றார் சீனிராஜ். "இந்த மெஷின்தான். வாரம் பூரா நல்லாப் பேசுவா. வெள்ளிக்கிழமையானா மட்டும் எதுக்கெடுத்தாலும் சண்டை. 'ஏன் வந்தீங்க', 'இது வேணாம்', 'அது வேணாம்'. கடையில போய்க் கேட்டேன். சாப்ட்வேர் அப்டேட் போடுங்கன்னான். போட்டும் பார்த்தேன். அப்புறம் வெள்ளிக்கிழமை வர்றதயே நிறுத்திட்டேன்."

அஞ்சுகம் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டார். பட்டையின் காம்புகளைத் துடைத்தார். ஊகிக்கும் பகுதியை அணைத்தார். ஈரம் உலர்ந்த இடமாகப் பார்த்துப் பட்டையைத் தலையில் பொருத்தினார்.

"இனிமே இது தெரியாததைச் சொல்லாது," என்றார் இருவருக்கும் பொதுவாக. "நடுவுல நிக்கும். நின்னா, நாம காத்திருக்கணும்."

காத்திருந்தார்கள். முற்றத்தில் யாரோ வாளியை இழுக்கும் சத்தம்.

செண்பகவல்லி முதலில் ஜெபக்குமாரைப் பார்த்தார். "பேனா," என்றது ஒலிபெருக்கி. நின்றது. "கேட்டேன்."

"தெரியும்மா. இப்பத்தான் தெரிஞ்சது."

"லேட்டு."

அதில் கோபம் இருந்ததா என்று அவனுக்குத் தெரியவில்லை. கடைவாய் லேசாகக் கோணியது. சிரிப்பாக இருக்கலாம். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பிறகு அவர் அஞ்சுகத்தின் மடியில் இருந்த தாள்களைப் பார்த்தார். "ஒன்பதாம் பக்கம்," என்றார். நீண்ட இடைவெளி. "ஒரு அடி. விட்டுப்போச்சு."

அஞ்சுகம் ஒன்பதாம் பக்கத்தை எடுத்து, அட்டைமேல் வைத்து, பென்சிலை அந்த இடது கையில் கொடுத்தார். செண்பகவல்லி தேடவில்லை. நேராக அந்த வரிக்குப் போனார். 'நீங்க எது சொன்னாலும் சரிதான்.' அடித்தார். ஓரத்தில் நீக்கல் குறியைச் சுழித்துப் போட்டார். அந்தச் சுழிப்பைக்கூட அவசரமாகப் போடவில்லை. ஐந்து மாதமாகத் தன் பேச்சைப் பிடுங்கி வைத்திருந்தவர்கள் முன்னால், தன் பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்தினார். அஞ்சுகம் அந்தத் தாளை உடனே திரும்ப வாங்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். தன் கோப்பில் அப்படி ஒரு தாள் இருப்பது அவருக்குப் பெருமையாக இருந்தது என்பது ஜெபக்குமாருக்குப் புரிந்தது.

"முறைப்படி கேட்கிறேன்," என்றார் அஞ்சுகம். "புகாரை வாபஸ் வாங்கினீங்களா?"

"இல்ல."

"இங்க இருக்கச் சம்மதிச்சீங்களா?"

இந்தப் பதிலுக்கு இடைவெளியே இல்லை. "இல்ல."

"எங்க இருக்கணும்?"

"வீட்டுல."

அஞ்சுகம் மூன்று பதில்களையும் எழுதினார். நேரத்தையும் கிழமையையும் எழுதினார். மைப்பெட்டியை எடுக்கவில்லை. பேனாவை நீட்டினார். செண்பகவல்லி இடது கையால் கையெழுத்திட்டார். அதற்குக் கீழே அஞ்சுகம் நிபந்தனைகளை எழுதத் தொடங்கினார். ஊகம் கூடாது. நட்சத்திரம் கூடாது. எண்ணெய் வைத்து மூன்று நாள் கழுவாத தலையில் சோதிக்காமல் எந்தப் பட்டையும் கடைக்குப் போகக் கூடாது. சின்னச் சின்ன எழுத்துகள். நாற்பதாயிரம் வீடுகளுக்கும் அரைப் பக்கத்தில் இடம் போதுமாக இருந்தது.

சீனிராஜ் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார்.

"நான் கேட்டப்ப அவதான சார் சரின்னா," என்றார் ஜெபக்குமாரிடம். சத்தம் போடவில்லை. "நான் கட்டாயப்படுத்தலையே. நானும் வண்டில போயிடுவேன், பகல்ல பார்க்க ஆளில்ல, இங்க நர்ஸ் இருக்கு, அவளே ஒத்துக்கிட்டான்னு சந்தோஷமா இருந்தேன். வெள்ளியத் தவிர தினமும் சாயங்காலம் வந்து ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசிட்டுத்தான் போவேன். கேட்டுப் பாருங்க. வண்டி இன்னிக்கு எங்க போச்சுன்னு கேப்பா. சாப்பிட்டீங்களான்னு கேப்பா. முதுகுவலி எப்படி இருக்குன்னு கேப்பா. கல்யாணமாகி இருபத்தி மூணு வருஷத்துல நாங்க இவ்வளவு பேசினதே இல்ல சார். வீட்ல இருந்தப்பகூட இல்ல. எனக்கு இந்த அஞ்சு மாசம்தான்..."

அவர் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வண்டி வெளியதான் நிக்குது," என்றார் மனைவியிடம். "கிளம்புவோம். இப்பவே கிளம்புவோம்."

செண்பகவல்லி அவரைப் பார்த்தார். கோபமான பார்வை இல்லை. அச்சுத்தாளில் புரியாத ஒரு வரியை ஆசிரியரிடம் கேட்கப்போகிறவரின் பார்வை. ஒலிபெருக்கி ஒரு முறை சொடுக்கியது. நின்றது. மூன்று பேரும் காத்திருந்தார்கள். சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன, அவருடைய பழைய குரலில்.

"அஞ்சு மாசமா... நீங்க... யாருகூட பேசிட்டிருந்தீங்க?"